இரண்டு பேருக்கான பெட்டி

மனைவி இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தபோது மகன் கட்டாரிலிருந்து பேசினான். அப்போதெல்லாம் நான் தம்புள்ளை வீதியில் ஒரு கடையில் தினமும் சோற்றுப் பார்சல் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிளினிக்கில் இரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது என்று சொன்னதை அவனிடம் மறைக்கத்தான் பார்த்தேன். எப்படியோ என் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டான்.

“கடச் சோத்த நிப்பாட்டுங்கப்பா. நீங்களே சமைச்சுச் சாப்பிடுங்க.”

“எனக்கு அடுப்பப் பத்த வைக்கத் தெரியும். அதுக்கு மேல தெரியாது.”

“அதுக்குத்தான் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். எல்லாத்தையும் வெட்டி, அளந்து, பெட்டியில போட்டு வீட்டுக்கே அனுப்புவாங்க. எப்படிச் சமைக்கிறதுன்னு ஒரு அட்டையும் இருக்கும். அதப் பாத்துச் செஞ்சாச் சரி.”

மறுத்துப் பேச எனக்குத் தெம்பில்லை. சரி என்றேன்.

முப்பது வருடங்கள் நான் வாசனைப் பயிர்த் தோட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன். மிளகைக் கையில் அள்ளியதுமே அது எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லிவிடுவேன். கராம்பு, ஏலம், சாதிக்காய் எல்லாம் மூக்குக்குத் தெரியும். ஆனால் அவற்றில் எதை எப்போது சட்டியில் போடுவது என்று தெரியாது. மாத்தளை அலுவிகாரையில் இந்த வீட்டைக் கட்டிப் பதினாறு வருடங்கள் ஆகின்றன. அதில் ஒரு நாள்கூட நான் சமையலறையில் நின்று எதையும் கிண்டியதில்லை.

முதலில் வந்தது கொழும்புக் கம்பனி ஒன்றின் பெட்டி. வந்து சேருவதற்குள் கீரை வியர்த்துப்போயிருந்தது, கறிவேப்பிலை கறுத்திருந்தது. அட்டையில் இருந்த சாப்பாட்டில் பாதியை நான் அதற்குமுன் கண்டதில்லை. ஒரு தடவை பாஸ்தா வந்தது. சொன்னபடியே அவித்து, சொன்னபடியே வெள்ளைக் குழம்பை ஊற்றி, கடைசியில் கட்டைச் சம்பலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். மூன்று வாரத்தோடு அதை நிறுத்தச் சொன்னேன்.

பிறகு மகன் கண்டியில் இன்னொன்றைக் கண்டுபிடித்தான். அக்காவும் தங்கையுமாக இரண்டு சிங்களப் பெண்கள் தங்கள் வீட்டிலிருந்து நடத்தினார்கள். செவ்வாயும் வெள்ளியும் அவர்களுடைய வேன் மாத்தளைக்கு வரும். பருப்பு, கத்தரிக்காய், பலாக்கொட்டை, மீன் என்று நாம் சாப்பிடுகிற சாப்பாடு. தூள், புளி, தேங்காய்ப்பால் மா எல்லாம் சின்னச் சின்னப் பைகளில் அளந்து கட்டியிருக்கும். ஆனால் அவர்களிடம் இருந்த ஆகச் சிறிய பெட்டியே இரண்டு பேருக்கானது. ஒருவருக்கு அனுப்ப முடியாதா என்று கேட்டேன். அக்காக்காரிதான் பேசினார்.

“ஒரு ஆளுக்குன்னு கட்டினா எங்களுக்குச் சரிவராது ஐயா. ரெண்டு பேருக்கே எடுங்க. வீட்டு நோனாவுக்கும் ஒரு நாள் சமையல்ல இருந்து லீவு கிடைக்குமே.”

அவர் சிங்களத்தில் சொன்னதற்கு நானும் சிங்களத்தில் “சரி” என்று மட்டும் சொன்னேன். வீட்டில் நோனா, அதாவது மனைவி, இல்லை என்று அவருக்கு விளங்கப்படுத்த வாய் வரவில்லை.

முதல் நாள் கடுகைக் கருக்கினேன். இரண்டாம் நாள் கல் அரிக்கிற அரிக்கன்சட்டி எது என்று தெரியாமல் அரிசியைச் சும்மா அலசிப் போட்டதில் பல்லில் கல் கடிபட்டது. உப்பு எங்கே இருக்கிறது என்று தேட அரைமணி நேரம் எடுத்தது. அவள் அதை ஒரு பழைய மோல்ட் டின்னில் போட்டு, கை எட்டுகிற இடத்தில்தான் வைத்திருந்தாள். அவளுடைய கைக்கு எட்டுகிற இடம் அது. நான் மேல் தட்டுகளையே துழாவிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. வெங்காயம் எந்த நிறத்துக்கு வந்தால் தூளைப் போடலாம் என்று தெரிந்தது. பகலில் ஒரு பங்கைச் சாப்பிட்டு, மற்றதை இரவுக்கு வைத்துக்கொள்வேன். நாள் ஒருமாதிரி ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமைப் பெட்டியில் பாரை மீன் இருந்தது. கழுவலாம் என்று பையை வெட்டிக் கோப்பையில் போட்டேன். இரண்டு துண்டுகள். இரண்டும் நடுத்துண்டு, ஒன்றையொன்று உரித்து வைத்த மாதிரி. நான் பையை மறுபடியும் எடுத்து உள்ளே பார்த்தேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது. வால் துண்டைத் தேடியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் மீன் வாங்கினால் நடுத்துண்டு எனக்கும் மகனுக்கும். வால் அவளுக்கு. தலை இருந்தால் அதுவும் அவளுக்கு. கல்யாணமான புதிதில் ஒரு நாள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். தேங்காய் துருவுகிற திருவலைக் கட்டையில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் சோறும் குழம்பும் மட்டும் இருந்த மாதிரிப் பட்டது.

“மீன் இல்லையா?” என்று கேட்டேன்.

“இருக்குங்க. வாலு இருக்கு. எனக்கு அதுதான் பிடிக்கும்.”

நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடங்களில் இரண்டாம் தடவை கேட்கவில்லை. யாரோ முகம் தெரியாத இரண்டு பெண்கள், இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்து, இரண்டு பேருக்கும் ஒரே அளவாக வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு கழுவுகிற தொட்டியருகே அப்படியே நின்றேன். அன்று மீனைச் சமைக்கவில்லை. பிரீசரில் வைத்துவிட்டுப் பருப்பை மட்டும் ஆக்கினேன்.

அடுத்த நாள் மகனிடம் கேட்டேன்.

“அம்மாவுக்கு மீன் வாலு பிடிக்குமாடா?”



“தெரியலப்பா. அம்மா எப்பவும் அதத்தான எடுப்பாங்க. ஏன் கேக்குறீங்க?”

“சும்மாதான்,” என்றேன்.

அவள் இறந்து ஒரு வருடம் நெருங்கியது. படையல் போடுவதற்காக யட்டவத்தையிலிருந்து அவளுடைய தங்கை முதல் நாளே வந்துவிட்டாள். வந்ததும் சமையலறையைச் சுற்றிப் பார்த்து, “பரவாயில்ல மச்சான், சுத்தமா வச்சிருக்கீங்க” என்றாள். பிறகு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“வடை, பாயாசம், ரெண்டு மரக்கறி. அது போதும். அக்காவுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்க, அதையும் வச்சிருவோம்.”

எனக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது என் மனைவியிடம் கேட்டிருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு இருபது சொல்லியிருப்பாள். நான் யோசித்தேன். காலையில் பிளேன்டீயில் இஞ்சி போடுவாள். அதுகூட எனக்குத் தொண்டை கட்டும் என்பதற்காகப் பழகியது.

“ஒனக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“எனக்கு எப்படித் தெரியும்? தோட்டத்து லயத்துல இருந்தப்ப எது கிடைச்சாலும் சாப்பிட்டோம். இருபத்திரெண்டு வயசுல கல்யாணம் முடிச்சு வந்துட்டா. அதுக்கப்புறம் ஒங்ககூடத்தான இருந்தா.”

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. எழுதுவதற்காகப் பேனாவைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தாள். நான் வேலிப் பக்கம் போய்விட்டு வருவதாகச் சொல்லி எழுந்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு முஸ்லிம் அம்மா இருக்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுவது அவர்கள் வழக்கம், என் மனைவியும் அவரை அப்படித்தான் கூப்பிட்டாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, படையல் விஷயத்தைச் சொல்லி, “ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா தாத்தா?” என்று கேட்டேன். அந்த வார்த்தையை நான் அதற்குமுன் அவரிடம் பாவித்ததில்லை.

அவர் காயப்போட்ட உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பதை விட்டுவிட்டு முக்காட்டைச் சரி செய்தார்.

“எங்கட ஊட்டுக்கு வந்தா நான் சோறு போடாம அனுப்ப மாட்டேன் தம்பி. நீங்க தோட்டத்துக்குப் போனப் பொறகு பகல்ல வருவா. மீன் ஆணம் ஆக்கினா அவவுக்கு நடுத்துண்டத்தான் வெப்பேன். வாணாம்னு செல்லவே மாட்டா. நல்லாப் புளி போட்டிருந்தா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவா.”

“எங்கிட்ட வாலுதான் பிடிக்கும்னு சொன்னாளே.”

“சின்ன விசயம்தானே தம்பி. இதையெல்லாம் யாரு புருசன்ட்ட செல்லிக்கிட்டிருப்பா.”

அவர் மீண்டும் உடுப்பை எடுத்து மடிக்கத் தொடங்கினார். எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. எங்கேயோ ஓரிடத்தில், யாரோ ஒருவர் கையால், அவள் ஆசைப்பட்டதைச் சாப்பிட்டிருக்கிறாள். இன்னொரு பக்கம் அந்த இடம் என் வீடாக இல்லையே என்று இருந்தது. வேலி ஓரத்தில் சற்று நேரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மறுநாள் பிரீசரில் இருந்த அந்த இரண்டு துண்டு மீனையும் எடுத்து நானே சமைத்தேன். கண்டிப் பெண்களின் அட்டையில் இருந்ததைவிடப் புளியைக் கூட்டிப் போட்டேன். மச்சினிச்சி ருசி பார்த்துவிட்டு, “அக்கா கை மாதிரி இல்ல. ஆனா நல்லாருக்கு” என்றாள். இலையில் வடை, பாயாசத்தோடு ஒரு நடுத்துண்டையும் வைத்துக் கற்பூரம் காட்டினோம். படையலுக்கு வந்திருந்த எல்லாரும் சாப்பிட்டார்கள். என்னால் சோற்றைப் பிசைய மட்டுமே முடிந்தது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து அந்த அக்காக்காரி போன் எடுத்தார். தங்கைக்கு இத்தாலியில் வேலை சரிவந்துவிட்டதாம், தனியாக நடத்த முடியாதாம்.

“நோனாவுக்கும் சொல்லிருங்க ஐயா, மன்னிக்கச் சொல்லுங்க,” என்றார்.

அப்போதுதான் அவள் இறந்துவிட்டதைச் சொன்னேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன்.

“அப்போ இவ்வளவு நாளும் ஐயா மட்டுந்தானா?”

“ஓம்.”

“சொல்லியிருந்தா சின்னதா ஒண்ணு கட்டியிருப்போமே,” என்றார்.

இப்போது மாத்தளைச் சந்தையில் நானே சாமான் வாங்குகிறேன். அவர்கள் அனுப்பிய அட்டைகள் எல்லாம் மேசை லாச்சியில் இருக்கின்றன. அளவெல்லாம் இரண்டு பேருக்கானது. அரைவாசியாக்கிச் சமைத்துப் பார்த்தேன், ஒன்று உப்பு கூடுகிறது, இல்லாவிட்டால் குறைகிறது. அதனால் அட்டையில் உள்ளபடியே ஆக்கிவிடுகிறேன். மிஞ்சியதை மூடி வைத்து, மறுநாள் காலையில் சூடாக்கிச் சாப்பிடுகிறேன்.