ஈரக் கயிறு

காட்டில் எத்தனை மரம் நிற்கிறது என்று ஒவ்வொன்றாக எவரும் எண்ணுவதில்லை. வரைபடத்தில் பென்சிலால் சில வட்டங்கள் போட்டு, அவற்றுக்குள் நிற்பதை மட்டும் எண்ணி, நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு எடுத்து, அதைக்கொண்டு முழுக் காட்டுக்கும் கணக்குப் போடுவார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் முள்ளியவளைத் தேக்கங்காட்டில் நான் செய்த வேலை அது. போர்க்காலத் தடையால் நல்ல அளவுநாடா எதுவும் வன்னிக்குள் வராத காலம். நடுவில் ஒரு முளை அடித்து, அளந்து வெட்டிய சணல் கயிற்றை அதில் கட்டிச் சுற்றிவருவோம். கயிற்றுக்குள் அகப்படும் மரத்துக்கு வெள்ளைப் பெயின்றில் இலக்கம். என்னுடன் வந்த அதிகாரி மகா கறார். மரத்தின் நடு கயிற்றுக்கு ஒரு விரல் வெளியே இருந்தாலும் அவருக்கு அது மரமே இல்லை.

ஒரு மார்கழிக் காலை. இரவு பெய்த மழையில் காடு சொட்டிக்கொண்டிருந்தது. வட்டத்தின் ஓரத்து மரமொன்றில் தறப்பாளைக் கூரையாகக் கட்டி, கண்டாவளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அம்மா பிள்ளைகளுடன் இருந்தார். கயிறு அந்த மரத்துக்கு ஒரு சாண் எட்டவில்லை.

"இதுக்கும் ஒரு நம்பர் போட்டுவிடுங்கோ, ஐயா," என்றார். "மரம் ஏத்துற வண்டில்காரர் வந்து ஒவ்வொண்டா வெட்டிக்கொண்டு போறாங்கள். இதுவும் போனா எங்களுக்குக் கூரை இல்லை."

"நம்பர் போட்டா வெட்டமாட்டாங்கள் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார் அதிகாரி.

"கணக்கில ஏறின மரத்தை ஆர் தொடுவான்?"

அதிகாரி கயிற்றை விரல்களால் நெரித்துப் பார்த்தார்.

"இது நனைஞ்சு சுருங்கிப்போச்சு. காயட்டும், பிறகு அளப்பம்."

அவருடைய மனம் இளகியதா, கறார்தான் அப்படிப் பேசியதா என்று எனக்கு விளங்கவில்லை. கயிற்றை அந்த அம்மாவின் உடுப்புக் கொடியில் போட்டுவிட்டு, அவர் தந்த வெறுந்தேத்தண்ணியைக் குடித்தோம். வெயில் ஏறியபின் இழுத்துப் பார்த்தால், மரம் உள்ளே. நான்தான் இலக்கம் எழுதினேன். அந்த அம்மா பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். உண்மையைச் சொன்னால், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் மறு அளவைக்குப் போனோம். வட்டத்துக்குள் அடிக்கட்டைகள் மட்டும்; அந்த அம்மாவின் மரமும் போயிருந்தது. இலக்கமில்லாத மரங்கள் சுற்றிவர அப்படியே நின்றன. வெள்ளை இலக்கம் போட்டதெல்லாம் வெட்டுவதற்கென்று தெரிந்தெடுத்த மரம் என்று வண்டில்காரர் நினைத்துவிட்டார்களாம். அதிகாரி அடிக்கட்டைகளைப் பதிந்துகொண்டு, பக்கத்தில் புது வட்டம் போடச் சொன்னார்.

முளை அடித்துக் கயிற்றை இழுத்தேன். அதன் நுனி போய்த் தொட்ட மரத்தில் அதே தறப்பாள் கட்டியிருந்தது. அந்த அம்மா வெளியே வந்து முதலில் கயிற்றைப் பார்த்தார், பிறகு வெயிலைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு வாளி தண்ணீருடன் வந்தார்.

"தம்பி, இதுக்குள்ள நனைச்சுப்போட்டு அளந்து பாருங்கோ."

அதிகாரி என் கையிலிருந்த கயிற்றை வாங்கி வாளிக்குள் போட்டார்.