நீலப் படகுக்கு வந்த சிவப்புப் பூ

நான் யோசித்துச் செய்யவில்லை என்று சொல்லித்தான் இத்தனை வருடமும் என்னை நானே சமாதானம் செய்துவருகிறேன். பதினொரு வயதில் யாருக்குச் சூது தெரியும் என்றும் கேட்டுக்கொள்வேன். தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கம். அதன் கரையில் வெளிநாட்டுக்காரர் ஒருவரின் விடுதி இருந்தது. அங்கே புல் வெட்டப் போய்ச் சேர்ந்து, மெல்ல மெல்லப் படகோட்டியாகிவிட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி. வெளிநாட்டுக்காரர் விடுதியை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பியபோது, தன்னுடைய இரண்டு பழைய பாய்மரப் படகுகளில் பிடித்த ஒன்றை மலிவாகத் தருவதாக மாமாவிடம் சொன்னார். கறவை மாட்டையும் அத்தையின் வளையலையும் விற்றால் ஒன்றுக்குத் தேறும். சரியானது அமைந்தால் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிப் பிழைத்துக்கொள்ளலாம். தவறினால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மறுபடி தேயிலை மலை ஏற வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை அத்தையையும் என்னையும் கூட்டிக்கொண்டு மாமா படகு பார்க்கப் போனார். பெண் பார்க்கப் போகிற மாதிரிதான் இருந்தது, வெற்றிலைத் தட்டு மட்டும் இல்லை. இரண்டையும் கரையேற்றி முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். ஒன்றுக்கு வெள்ளைப் படகு என்று பெயர். வெள்ளை எங்கே என்று தேட வேண்டும். பாயில் ஏழெட்டு ஒட்டு, உள்ளே உட்கார ஒரு பலகை. மற்றது நீலம், பெயிண்ட் வாசம்கூடப் போகவில்லை. அதற்குள் ஒரு சின்ன அறை. அறையில் இந்தப் பக்கம் ஒரு படுக்கை, அந்தப் பக்கம் ஒரு படுக்கை, வட்ட ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை.

அந்தப் படுக்கையில் உட்கார்ந்த எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. எங்கள் லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒரே பாயில் தம்பியின் காலுக்கும் மாவு மூட்டைக்கும் நடுவில் படுக்கிறவள் நான். ஒருவர் மட்டும் படுப்பதற்கென்று ஒரு இடம் செய்வார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாமா அதையெல்லாம் பார்க்கவில்லை. குனிந்து, விரல் முட்டியால் படகின் அடிப்பக்கத்தைச் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். வெள்ளைப் படகு முழுக்க ஒரே மாதிரி கணீரென்றது. நீலத்தில் ஓரிடத்தில் நின்றார், திரும்பத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"பெயிண்டுக்கு அடியில மரம் ஊறிப் போயிருக்கு. வெள்ளையே போதும்."

அத்தை விடவில்லை. "போட்டோ புடிக்க வர்றவங்க தட்டியா பாக்கப்போறாங்க? அந்த ஓட்ட வெள்ளையில நானே ஏற மாட்டேங்க."

மூன்று நாள் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. கல்யாணமோ காணி வாங்குவதோ, இழுபறியான எந்தக் காரியத்துக்கும் எங்களுக்கு அதுதான் வழி. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து மாரியம்மன் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். குழந்தையின் கையில் கள்ளம் இருக்காதாம்.

பூசாரி தாள் கேட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்தேன். பையில் கைக்கு வந்த இரண்டு கொப்பிகளிலிருந்து ஒவ்வொரு தாள் கிழித்துக் கொடுத்தேன். அதுவரைக்கும் நான் யோக்கியம்தான். ஒன்று கணக்குக் கொப்பித் தாள், கட்டம் போட்டது. மற்றது கோடு போட்டது. வெள்ளைப் பூ கட்டத்துக்குள் போனது, சிவப்பு கோட்டுக்குள் போனது. வெள்ளைப் படகுக்கு வெள்ளை, நீலத்துக்குச் சிவப்பு என்று அத்தை ஆத்தாளுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். பூசாரி தட்டைக் குலுக்கி வைத்தார்.

"கண்ண மூடிக்கிட்டு எடு தாயி."

மூடினேன். கோட்டுத் தாள் எங்கே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்ட பிறகு மூடினேன்.

பொட்டலத்தைப் பிரித்ததும் அத்தை சிவப்புப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமா அந்தப் பூவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆத்தாளே சொன்னதுக்கப்புறம் நான் யாரு" என்று விழுந்து கும்பிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது. ஆனாலும் திரைபோட்ட ஜன்னல் பக்கத்துப் படுக்கை எனக்குத்தான் என்று அப்போதே மனதில் பிடித்து வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு பகல் முழுக்க நானும் அந்தப் படுக்கையில் படுத்துக் கிடந்தேன். நான்காம் மாதம், கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறியிருந்தபோது, நடுநீரில் படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மாமா எப்படியோ பாயைத் திருப்பிக் கரைக்குக் கிட்டே கொண்டுவந்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கி இறக்கிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படகு மட்டும் கரையில் நின்ற எங்கள் கண்ணெதிரே சாய்ந்து உட்கார்ந்தது. அடுத்த வாரம் மாமா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனார்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். சொல்லியிருக்க மாட்டேன்.

அந்த வருடக் கோயில் திருவிழாவில் மாமா தீச்சட்டி எடுத்தார். குடும்பத்தில் அதுவரை யாரும் எடுத்ததில்லை. ஏற்றத்தில் கனன்ற சட்டியோடு வந்தவரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியது நான். சட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் போய், புதுப் படகு கேட்டு வேண்டிக்கொண்டாரா என்று கேட்டேன். கொப்பளித்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே அவர் சிரித்தார்.

"இல்ல பாப்பா. ஆத்தா செகப்புப் பூவக் குடுத்தப்ப, வாய் சரின்னுச்சு, மனசு இல்லைன்னுச்சு. சாமி காட்டுனதையே சந்தேகப்பட்டேன்ல? அதான் முழுகிருச்சு. அதுக்குத்தான் மன்னிப்புக் கேட்டேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. தப்பு அவருடையது என்று அவரே சொல்லிவிட்டார், சாமியும் மன்னித்திருக்கும், இனி என்னிடம் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அன்று கோயிலில் கொடுத்த பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.