குடிக்காதவரின் கல்லீரல்

சென்னையில் கல்லீரல் மாற்று அறுவை செய்யும் குழுவில் நான் சேர்ந்த புதிதில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வந்தது. தம்பிக்கு ஈரலில் பாதியைக் கொடுக்க அண்ணன் வருவார். ஸ்கேன் செய்தால் கொடுக்க வந்தவர் ஈரலிலேயே கொழுப்பு படிந்திருக்கும். குடியே தெரியாதவர்களுக்கும் இருந்தது. நன்றாக நடமாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆய்வைத் தொடங்கினேன். பிறந்த மண் என்பதால் பெரம்பலூர், அரியலூர் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். நம் ஊர்க்காரர்கள் என்னிடம் உண்மை பேசுவார்கள் என்று ஒரு நம்பிக்கை.

கீழப்பழுவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டோம். குடிப்பதுண்டா என்ற கேள்விக்கு வந்த ஆண்கள் அத்தனை பேரும் இல்லை என்றார்கள். பக்கத்தில் நின்ற மனைவிமார்கள் கூரையைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கும்படி நர்ஸிடம் சொல்லிவைத்தேன்.

உரக்கடைக்காரர் ஒருவர் விஷயத்தில் மட்டும் யாரும் கூரையைப் பார்க்கவில்லை. வருடா வருடம் சபரிமலைக்குக் கூட்டம் சேர்த்துப் போகும் குருசாமி அவர். பாதி ஊருக்கு மாலை போட்டுவிட்ட கை. ஆனால் அவர் ஈரலில் கொழுப்பு தாராளமாக இருந்தது. சீட்டில் அதை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் மைத்துனர் போன் செய்தார். தங்கை பெட்டியைக் கட்டிக்கொண்டு மீன்சுருட்டிக்கு, தன் வீட்டுக்கே வந்துவிட்டதாகவும், நான்தான் வந்து பேச வேண்டும் என்றும் சொன்னார். குடும்பத்தைப் பிரித்த பாவம் எனக்கு வேண்டாமென்று பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறினேன்.

கூடத்தில் குருசாமி பெஞ்சின் நுனியில், குற்றவாளிபோல உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினார்.

"மதுவைத் தவிர்க்கவும்னு கீழ போட்டிருக்கு. குடிக்காத ஆளுக்கு அத எதுக்குப் போடணும் டாக்டரம்மா?"

அப்போதுதான் என் புத்திசாலித்தனம் எனக்கே விளங்கியது. எல்லாருக்கும் பொதுவான அறிவுரை என்று அச்சகத்தில் சொல்லி எல்லாச் சீட்டிலும் அதை அடிக்க வைத்தவள் நான்தான். பையிலிருந்து எழுதாத சீட்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன். அதிலும் அதே வரி. அந்த அம்மாள் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"அப்ப இவருக்குக் கொழுப்பு எங்கேருந்து வந்துச்சு?"

என்ன சாப்பிடுவார் என்று கேட்டேன். மனைவி பெருமையோடு சொல்லத் தொடங்கினார். காலையில் பத்து இட்லி. பதினோரு மணிக்குக் கடைக்கு வடையும் டீயும் போகும். மத்தியானம் நெய் விட்டு மூன்று தடவை சோறு. சாயங்காலம் முறுக்கு, அதிரசம். எதிர்ச்சாரியில் இருக்கும் கடைக்குக் கணவர் நடக்கக் கூடாதென்று மொபெட் வாங்கிக் கொடுத்ததும் இவர்தானாம்.

மைத்துனர்தான் முதலில் புரிந்துகொண்டார்.

"அப்ப ஊத்திக்குடுத்தது நீதானாம்மா?" என்றார் தங்கையிடம்.

குருசாமி அன்று முதல்முறையாகச் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அந்த அம்மாள் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரோடு கிளம்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு இருவரும் வந்தார்கள். அவர் சட்டை தோளில் தொங்கியது. மனைவி வெளியே இருந்த நேரம் பார்த்து என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"மூணாவது தோசை கேட்டா, ஈரல் ஞாபகம் இருக்கான்னு கேக்குறா. குடிக்கிறேன்னே ஒத்துக்கிட்டிருக்கலாங்க. ஒரு மாசத்துல கோவம் போயிருக்கும்."

கொழுப்பு பெருமளவு குறைந்திருந்தது. என் ஆய்வில் சொன்னபடி நடந்த ஆள் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான், அதுவும் சொந்த விருப்பத்தில் அல்ல. சந்தோஷத்தில் என்ன வேண்டுமென்று கேட்டேன். மதுப்பழக்கம் இல்லாதவர் என்று முத்திரை வைத்து ஒரு சான்று கேட்டார் மனைவி. எழுதிக் கொடுத்தேன்.

பிறகொரு நாள் அந்த வழியாகப் போனபோது கடைக்குள் எட்டிப் பார்த்தேன். யூரியா விலைப் பலகைக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது என் சான்று. முத்திரையில் 'கல்லீரல் மாற்று அறுவை நிபுணர்' என்று இருந்ததால், குருசாமிக்கு ஈரலையே மாற்றிவிட்டார்கள் என்று பக்கத்து ஊரில் பேச்சாம். அவரும் மறுப்பதில்லையாம்.