காத்தாடியும் நடுச்சுவரும்

காத்தாடி என்ற பெயரை மூத்த மருமகள் முதன்முதலில் கேட்டது மாமியார் வாயால்தான். கொழுந்தனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த மாமியார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் புகுந்த வீடுகளைக் காயவைப்பதுதான் பெண்ணுக்குத் தொழில், எல்லோரும் காத்தாடி என்றுதான் கூப்பிடுகிறார்கள், இனி நம் வீட்டில் ஒருத்தருக்கும் வேர்க்காது என்று சொல்லிச் சிரித்தார். தான் வந்து இத்தனை வருஷத்தில் மாமியார் இப்படி வாய்விட்டுச் சிரித்ததில்லையே என்று மூத்தவளுக்கு அன்றைக்கே சுருக்கென்றது.

கல்யாணமாகிக் காத்தாடியும் வந்தபின், இரண்டு மருமகள்களுக்கும் ஒட்டிய வீடு, நடுவில் ஒரே சுவர். மாமியார் இருந்தது மூத்தவளோடு. ஒரு வருஷம் மழையில் இரண்டு வீட்டுக்குள்ளும் முழங்கால் தண்ணீர் நின்றது. மகள் வீட்டுக்குப் போன மாமியார், எந்த வீடு முதலில் தயாராகிறதோ அங்கே வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். மூத்தவள் நடுச்சுவரைப் பார்த்தாள். காத்தாடி வீட்டில் ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டால் அத்தை திரும்பி வருவாரா?

ஆனால் காத்தாடியின் வேலை ஆமை வேகத்தில் நடந்தது. தண்ணீர் நின்ற கோட்டுக்கு ஒரு முழம் மேல்வரை பூச்சைக் கொத்திப் போட்டாள். காற்று சுவரை உரசிக்கொண்டு போகும்படி விசிறிகளைச் சாய்த்து வைத்தாள். வெளியே மழை பிடித்தால் ஜன்னலை அடைத்து, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மெஷினை ஓடவிட்டாள். காலையில் எழுந்ததும், இரண்டு ஊசி நீட்டிய ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் குத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள்.

"அக்கா, தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். சுவரு வயிறு முட்டக் குடிச்சிருக்கு. இப்பவே பெயின்ட் அடிச்சிடாதீங்க" என்றாள் ஒருநாள்.

கெட்டிக்காரி, என்னை இழுத்தடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் மூத்தவள். மறுநாளே பெயின்டரை வரவழைத்து, பளபளக்கும் ஆயில் பெயின்டை இரண்டு பூச்சு அடிக்கச் சொன்னாள். மாமியாரும் வந்து சேர்ந்தார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொஞ்ச நாளில் நடுச்சுவர் கொப்புளம் போட்டது. பூஞ்சை வாடை கிளம்பியது. பீரோவை நகர்த்தி மறைத்தாள். மாமியார் இருமினால் இவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

அந்தப் பக்கம் காத்தாடிக்கும் பிடிபடவில்லை. மற்ற சுவரெல்லாம் காய்ந்தாயிற்று, நடுச்சுவர் மட்டும் மசியவில்லை. ஒருநாள் மீட்டரோடு இங்கே வந்தவள் நேரே பீரோவுக்குப் பின்னால் கையை விட்டாள்.

"பெயின்ட் அடிச்சு உங்க பக்கம் சுவரோட வாயக் கட்டிட்டீங்கக்கா. மொத்தத் தண்ணியும் என் பக்கமா வெளிய வருது. நான் எப்ப காயவச்சு முடிக்கிறது?"

கட்டிலில் இருந்த மாமியார் சொன்னார்: "வந்த அன்னிக்கே எனக்கு வாடை தெரியும். நீ பீரோவை உருட்டுற அழகத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அப்புறம் ஏன் அத்தை சொல்லல?"

"சொன்னா, காயுற வரைக்கும் அவ வீட்டுக்குப் போன்னுவ. அங்க அந்த விசிறிச் சத்தத்துல எவ தூங்குறது?"

பெயின்டைச் சுரண்ட மூத்தவளும் சேர்ந்துகொண்டாள். காத்தாடியின் கைவேகத்தை மாமியார் மெச்சியதும், அவளைவிட ஒரு சாண் கூடுதலாகச் சுரண்டிக் காட்டினாள்.

மாமியார் இன்றும் மூத்தவளோடுதான் இருக்கிறார். காத்தாடி அதே பக்கத்து வீட்டில் இருக்கிறாள். இந்த வாரம், தண்ணீர் புகுந்த ஒரு பள்ளிக்கூடத்தைக் காயவைக்கப் போயிருக்கிறாள்.