ஓசி டேட்டாபேஸ்

அமரவிளையில் நோயாளிகளைப் பராமரிக்கும் எங்கள் பாலியேட்டிவ் சங்கத்துக்கு ஒரு மாடியறை உண்டு. வீல்சேர், வாக்கர், வாட்டர் பெட் எல்லாம் அங்கிருந்துதான் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகும். எதற்கும் வாடகை கிடையாது. எது யார் வீட்டில் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் குழம்பிப்போனதால், அதற்கு ஒரு சின்ன வெப்சைட் செய்து தரச் சொன்னார்கள். நான் நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரியில் கணினி கற்பிக்கிறவள். இரண்டு வாரத்தில் முடித்தேன். டேட்டாபேஸுக்கு ஒரு பெரிய கம்பெனியின் இலவசப் பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். அதில் பத்து ஜிபிக்கு மேல் சேமிக்க முடியாது. எங்கள் சங்கத்தின் மொத்த விவரமும் என் போனில் கிடக்கும் ஒரு கல்யாண வீடியோவின் கால்வாசிக்குக்கூட வராது.

கமிட்டியில் இதைச் சொன்னதும் செயலாளர் முகம் சுளித்தார். வில்லேஜ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"ஓசியில கிட்டுத சாதனம் கொள்ளாது மக்கா, உதவாது. நாளைக்கு நின்னு போச்சுன்னா ஆருகிட்ட போய்க் கேப்போம்?"

எல்லாவற்றையும் ஓசியில் கொடுப்பதற்கென்றே நடக்கும் சங்கத்தின் செயலாளர், யாரோ ஓசியில் தந்த நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது இது. ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு மருமகனை அழைத்து வந்தார். திருவனந்தபுரத்தில் ஐடி வேலை. ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. நான் செய்ததைத் திறந்துகூடப் பார்க்காமல், "இது போரா சேச்சி. நாளைக்கு கேரளா முழுக்க ஸ்கேல் பண்ணண்டாமா?" என்றார்.

"நம்மகிட்ட ஆகெ இருபத்திரண்டு வீல்சேர்தான் உண்டு" என்றேன்.

"சேச்சி சின்னதா யோசிக்குதீங்க."

கமிட்டி மொத்தமும் தலையாட்டியது. கேரளம் முழுக்கக் கொடுக்கப்போகிறவர்களின் அறை மூலையில் அன்றைக்கு மூன்று வீல்சேர்கள் சக்கரம் கழன்று கிடந்தன. கழன்ற சக்கரத்தை மாட்ட யாருக்கும் நேரமில்லை.

மருமகன் அதே கம்பெனியின் மிக உயர்ந்த பதிப்பை நிறுவினார். காசு கொடுத்தல்ல, ஆறு மாதச் சோதனைப் பதிப்பு. அதற்குள் லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொன்னார். இதுவும் ஓசிதானே என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். அந்த மௌனத்தை நினைத்தால் என்மேலும் எனக்கு மதிப்பில்லை. வாரம் ஒரு முறை எல்லா விவரத்தையும் என் லேப்டாப்பில் நகல் எடுத்து வைத்ததோடு சரி.

லைசென்ஸ் வரவில்லை. ஆறு மாதம் முடிந்த திங்கட்கிழமை காஞ்சிரங்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். படுத்தே கிடந்து அம்மாவுக்கு முதுகெல்லாம் புண். வாட்டர் பெட் வேண்டும். கம்ப்யூட்டரைத் திறந்தால் டேட்டாபேஸ் நின்றுபோயிருந்தது. செயலாளர் மருமகனைக் கூப்பிட்டார். "மீட்டிங்கில் இருக்கேன், பிறகு விளிக்கேன்" என்று போனை வைத்துவிட்டார் மருமகன். பிறகுதான் என் நினைவு வந்தது செயலாளருக்கு.

வகுப்பை விட்டுவிட்டுப் போனேன். வந்தவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். "உண்டா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க. இல்லேன்னா வேற எங்கயாவது பாக்கேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. இலவசப் பதிப்பை நிறுவி, நகலிலிருந்த விவரங்களை ஏற்ற ஒன்றரை மணி நேரமானது. பாலராமபுரத்தில் ஒரு வீட்டில் நோயாளி தேறிவிட்டதால் வாட்டர் பெட் சும்மா இருப்பது தெரிந்தது. அந்த வீட்டுக்கு நானே போன் செய்து சொன்னேன். வந்தவர் ஆட்டோ பிடித்து அங்கே போனார்.

செயலாளர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"மக்கா, இது ஓசியாக்கும்னு மருமவன்கிட்ட சொல்லண்டாம், கேட்டியா? அவனுக்குச் சங்கடமாவும்."

"சொல்லல சார்" என்றேன்.

அந்த ஆண்டுக் கூட்டத்தில், சங்கத்தை நவீனமாக்கியதற்காக மருமகனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்து, தரமான பொருளுக்கு நாம் தயங்கக் கூடாது என்று கால் மணி நேரம் பேசினார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன்.