இறங்கி நின்ற முள்

எனக்கு வாய் நீளம். தெருவே சொல்லும். வண்டி செத்த அன்றைக்கு மட்டும் அந்த வாய் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் பைப் ஃபிட்டர். ஒரு நாள் கம்பெனியை மூடினார்கள். நாற்பத்தாறு வயசுக்காரரை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்? கடைசியாகக் கைக்கு வந்ததைப் போட்டு ஒரு பழைய கார் வாங்கினோம். எலக்ட்ரானிக் சிட்டி சவாரி கிடைக்கும் என்று பொம்மனஹள்ளிக்கு வீடு மாறினோம். அந்த வண்டி ஓடினால் எங்கள் வீடும் ஓடும், நின்றால் நாங்களும் நிற்போம். அவ்வளவுதான் எங்கள் கதை.

ஒரு காலையில் வண்டியைக் கிளப்பினார். ஒரே நிமிஷத்தில் டெம்பரேச்சர் முள் விருட்டென்று மேலே ஏறி, சிவப்புக் கோட்டில் போய் நின்றது. பயந்துபோய் அணைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். மறுநாளும் அதே. மூன்றாம் நாளும் அதே. மூன்று நாள் சவாரி போச்சு.

எனக்குப் பொறுக்கவில்லை. ஃபோனில் நாலு வீடியோ பார்த்தேன். கோபம் வந்தால் அவரை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவேன்.

"யோவ், விடிய விடிய சும்மா நின்ன வண்டி ஒரு நிமிஷத்துல கொதிக்குமா? அடுப்புல ஒரு சொம்பு தண்ணி வச்சாலே அஞ்சு நிமிஷம் ஆவுது. வண்டி நல்லாத்தான் இருக்கு. முள்ளுதான் பொய் சொல்லுது."

பானட்டைத் திறக்க வைத்தேன். இன்ஜின் சில்லென்று இருந்தது. சூட்டை அளக்கிற சென்சார் அதன் பக்கவாட்டில் திருகியிருக்கும், கட்டைவிரல் அளவுதான். அதிலிருந்து வயரைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கியதும் முள் பொத்தென்று கீழே விழுந்தது. ஆக வயரும் சரி, மீட்டரும் சரி, சென்சார்தான் போயிருக்கிறது.

"அடேங்கப்பா, மெக்கானிக் ஆயிட்ட நீ!" என்று சிரித்தார். கம்பெனி மூடிய பிறகு அவர் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது சென்சார் வாங்கி வந்தார். மாட்ட மெக்கானிக் எதற்கு என்றார். "பைப்புல திருகுனா என்ன, வண்டில திருகுனா என்ன, மரைன்னா மரைதான். பதினெட்டு வருஷமா இதத்தான பண்ணேன்?" டிராயரைத் திறந்து பைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்தார். டேப் சுற்றாமல் அவர் எந்த மரையையும் முடுக்கியதில்லை. அவர் போட்ட ஜாயின்ட்டில் ஒரு சொட்டு ஒழுகாது என்று கம்பெனியில் சூப்பர்வைசர் வாயாலேயே சொன்னதை நூறு தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பார். நான் டார்ச் பிடித்தேன். சும்மா பிடித்திருக்கலாம். வாய் இருக்கிறதே.

"இன்னும் ரெண்டு சுத்து சுத்துங்க. தண்ணி கசிஞ்சிடப் போவுது."

சுற்றினார். அழகாக, சுருக்கமே இல்லாமல்.

வண்டியைக் கிளப்பினோம். முள் மேலே ஏறவில்லை, அடிக்கோட்டிலேயே அடக்கமாக நின்றது. அன்றைக்கு நான் கேசரி கிளறினேன். மூன்று வாரம் நல்ல சவாரி. "குளுகுளுன்னு ஓடுதுடி, முள்ளு அசையவே இல்ல" என்று தினமும் வந்து சொல்வார்.

வெயில் ஏறிய ஒரு மத்தியானம், ஹெப்பகோடியில் ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஃபோன் செய்தார்.

"ஏய், பானட்டுல புகையா வருது. வண்டி நின்னுபோச்சு. ஆனா முள்ளு கீழதான் இருக்கு." மூச்சு வாங்கினார். "நாத்தம் அப்பவே வந்துச்சு. முள்ளப் பாத்தேன், சூடு இல்ல. அதான் ஓட்டிட்டே வந்தேன்."

வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். நானும் ஓடினேன். ரேடியேட்டர் ஓஸ் குழாய் கிழிந்து தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றினார். சென்சாரைக் கழற்றியதும் கை நின்றது. கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்:

"யாரு ரீ இதுக்கு டேப் சுத்துனது?"

என் வீட்டுக்காரர் விரலால் தன்னையே காட்டினார்.

"அக்கா, இது ஒத்த வயர் சென்சாரு, கரண்டு திரும்பிப் போக ரெண்டாவது வயர் கெடையாது. இந்த மரை இன்ஜின் இரும்புல உரசுனாத்தான் எர்த் கெடைக்கும். டேப் சுத்திட்டா எங்கேந்து கெடைக்கும்? வண்டி நெருப்பா கொதிச்சாலும் முள்ளு ஏறாது. ஓஸ் கிழிஞ்சது சின்ன வேல. முள்ளு ஏறியிருந்தா சாரு அப்பவே நிறுத்தியிருப்பாரு. இப்ப இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு. இது இனிமே எந்திரிக்காது." சென்சாரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் சுத்தியிருக்காரு. ஒரு சொட்டு கசியல."

என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேறு நாளாக இருந்தால் அந்த ஒர்க்‌ஷாப்பே அதிரக் கத்தியிருப்பேன். ஐயோ, என்னத்தைக் கத்துவது? இன்னும் இரண்டு சுற்று என்று சொன்னவளே நான்தானே. ஒரு சுற்றோடு விட்டிருந்தால் மரை எங்காவது இரும்பைத் தொட்டிருக்குமோ என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போனது. நான் இரண்டு வீடுகளில் சமையலுக்குப் போகிறேன். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். சோறு போட்டால் சாப்பிடுவார்.

போன வாரம் சமையலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அவர் எழுந்து வருவார் என்று இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் டிராயரிலிருந்து அந்த வெள்ளை டேப்பை எடுத்துப் போய் அவர் மடியில் வைத்தேன்.

"ஏங்க, அந்தக் குழாயக் கொஞ்சம் பாருங்களேன்."

டேப்பை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"பிளம்பரக் கூப்புடு" என்றார்.