சுண்டை மரத்தில் கத்தரிக்காய்

என் கடைசி மகள் செடிகளை ஆராய்கிறாள். ஒரு செடியின் வேரோடு இன்னொரு செடியின் தண்டை ஒட்டவைத்து, கீழே இருப்பது மேலே இருப்பதற்கு என்ன சொல்லி அனுப்புகிறது என்று பார்ப்பதுதான் இப்போது அவள் ஆய்வுக்கூடத்தில் வேலையாம். வேர் நோயைத் தடுக்குமா, காயின் ருசியை மாற்றுமா என்பதெல்லாம் அவர்களுக்குப் பெரிய கேள்விகள். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தவள் இதை எனக்குப் புரியவைக்கப் படாத பாடு பட்டாள். நான் சிரித்துக்கொண்டே சோறு போட்டேன். அந்தக் கேள்விக்காக ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்திலேயே, மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீடு இரண்டுபட்டது அவளுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. என் கணவர் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக்கட்டுகிறவர். நிறையப் பால் தரும் மரத்தின் மொட்டைப் பட்டையோடு சீவி எடுத்து, சாதாரணக் கன்றின் பட்டைக்குள் செருகிக் கட்டுவார். ஜப்பான் சண்டை வந்தது, ரப்பரை வாங்க ஆளில்லை, அவருக்கும் வேலையில்லை. இருவரும் என் அப்பாவின் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, மாறுதலுக்கு ராத்திரி மரவள்ளி மாவு ரொட்டி. பசியைவிட அந்த வெள்ளை நிறத்தைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல் வரும்.

பக்கத்து வீட்டில் ஒரு செட்டி அம்மாள் இருந்தார். மலாக்கா செட்டிகளுக்குச் சாமி எங்கள் சாமி, பேச்சு மட்டும் மலாய். அவரை அவர்கள் வழக்கப்படியே பீபி என்று கூப்பிடுவோம். அத்தை என்பது போல. பீபியின் கணவர் பெரிய கேலிக்காரர். அவர் சாப்பிட உட்கார்ந்தால் சிரிப்புச் சத்தம் வேலி தாண்டி வரும். சண்டை தொடங்கிய கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்து இறந்துபோனார். மிளகாய் அரைத்து வதக்கிய கத்தரிக்காய் சம்பால் என்றால் அவருக்கு உயிர்.

போகியன்று இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் படைப்பது செட்டிகளின் வழக்கம். அவர் போன பிறகு வந்த முதல் போகிக்கு பீபியால் கிழங்குதான் வைக்க முடிந்தது. "உபி லாகி, பாங்," என்று படத்தைப் பார்த்துச் சொன்னார். மறுபடியும் கிழங்குதான் என்று புருஷனிடம் மன்னிப்புக் கேட்கிறார். பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கணவரோ சட்டென்று, அடுத்த போகிக்குக் கத்தரிக்காய் எங்கள் வீட்டிலிருந்து வரும் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "எந்தத் தைரியத்துல சொன்னீங்க? நம்ம மண்ணுல கத்தரி நின்னிருக்கா?"

நிற்கவே நிற்காது. முழங்கால் உயரம் வளர்ந்து, பூக்கப்போகிற நேரத்தில், காலையில் நிமிர்ந்திருந்த செடி மத்தியானம் தலையைத் தொங்கப்போடும். குடம் குடமாய் ஊற்றினாலும் எழுந்திருக்காது. ஆனால் கிணற்றடியில் யாரும் நடாமல், குருவி எச்சத்தில் முளைத்த சுண்டை மட்டும் ஜம்மென்று நின்றது.

"அதோட வேரு இந்த மண்ணுக்குப் பயப்படல புள்ள. கீழ அது இருக்கட்டும், மேல கத்தரிய வச்சிடுறேன்," என்றார்.

புக்கிட் பாருவில் ஒரு சீனரின் காய்கறித் தோட்டத்தில் கெஞ்சி, கத்தரிக் கொழுந்துகளை வாழைப்பட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். ரப்பருக்குச் செய்வது போலவே மொட்டைச் சீவிச் சுண்டையின் பட்டைக்குள் செருகினார். கத்தரித் தண்டுக்கு அந்தப் பட்டை ஏது? எல்லாம் அழுகிப்போயிற்று. மறுபடியும் செய்தார், மறுபடியும் அழுகியது. அப்பா கனைத்தார். வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளைக்கு அந்தக் கனைப்பே போதும்.

அன்று நான் விறகு பிளந்துகொண்டிருந்தேன். இருந்த கோபத்தையெல்லாம் ஆப்பின் மேல் காட்டியதில், அது கட்டைக்குள் இறங்கி அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

"பாருங்க, உங்க ஒட்டவிட இது நல்லா ஒட்டிக்கிச்சு!"

மனிதர் கோபிக்கவில்லை. குனிந்து ஆப்பையே பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பவும் புக்கிட் பாருவுக்கு நடையைக் கட்டினார். வழியில் காவலுக்கு நின்ற ஜப்பான்காரன் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னானாம். இரண்டு குச்சிகளைப் பார்த்துவிட்டு, போ போ என்று கையை ஆட்டினானாம். வந்ததும் சுண்டைக் கிளையின் நுனியை வெட்டி, நடுவில் பிளந்து, கத்தரிக் கொழுந்தை ஆப்பு மாதிரி சீவிச் செருகினார். வாழைநாரால் இறுக்கிக் கட்டி, வெயில் படாமல் இலையால் மூடினார். ஒட்டிக்கொண்டது. புது இலை விட்ட அன்று நான் கிணற்றடியிலேயே குதித்தேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் சண்டை. "வேரு சுண்டைன்னா காயும் கசக்கத்தான் செய்யும் மாப்ள," என்றார் அப்பா.

"பால் மரத்துல வேரு சாதா மரத்தோடது மாமா. பாலு மட்டும் ஒட்டு மரத்துப் பாலுதான வருது?"

"பாலத் தின்னு பாத்தீங்களா?"

நான் அப்பா பக்கம் சேர்ந்துகொண்டேன். நம்பினேனா என்றால் இல்லை. சண்டை போட எனக்குப் பிடிக்கும். ஆனால் கத்தரிப் பூக்கள் ஒன்றுவிடாமல் உதிர ஆரம்பித்ததும் சண்டையை விட்டுவிட்டு மரத்தடிக்கு ஓடினேன். போகி நெருங்கிக்கொண்டிருந்தது. மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒட்டுக்குக் கீழே, சுவர்ப் பக்கமாக, ஒரு சுண்டைக் கிளை காயும் பூவுமாகக் கொழுத்துக் கிடந்தது. குழம்புக்காக அப்பா மறைத்து வளர்த்திருக்கிறார்! மரம் தன் சத்தையெல்லாம் தன் பிள்ளைக்கே கொடுத்துக்கொண்டிருந்தது. அரிவாளை எடுத்து ஒரே வெட்டு. அப்பா கொஞ்ச நாள் என்னை முறைத்துக்கொண்டே திரிந்தார். அந்தக் கிளையின் காயில் வைத்த குழம்பை மட்டும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார்.

அடுத்த பூக்கள் நின்றன. போகிக்குச் சரியாக, ஊதா நிறத்தில், பளபளவென்று நாலைந்து காய்கள். பறித்துக் கொடுத்தபோது பீபி அவற்றை முந்தானையில் வாங்கிக்கொண்டார்.

இப்போது வேறு சங்கடம். படையலுக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது. கசந்தால், போனவருக்குக் கசப்பைப் படைத்தவர்கள் ஆவோம். என் கணவருக்கு அன்று பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கசக்கக் கூடாது முருகா என்று அவருக்குத் தெரியாமல் வேண்டிக்கொண்டேன்.

"தெரோங், பாங். தெரோங் பெத்துல்," என்று இலையில் வைத்தார் பீபி. கத்தரிக்காய், நிஜக் கத்தரிக்காய். கும்பிட்டுவிட்டு, இறந்தவர்கள் சாப்பிடட்டும் என்று வெளியே காத்திருந்தோம். பிறகு உள்ளே போனோம். பீபி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"எப்படி பீபி?" என்றேன்.

"பாஹிட்," என்றார். கசக்கிறது.

என் கணவர் முகம் செத்துவிட்டது. அப்பாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். நான் பீபியைப் பார்த்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று கையைப் பிடிக்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்! வாயைப் பொத்திப் பார்த்தார், அடங்கவில்லை. வேலி தாண்டிக் கேட்கிற மாதிரி சிரித்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைக் காட்டி மலாயில் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் இவர் இப்படித்தான் சொல்வார். துளியும் கசக்காத காயைக் கசக்கிறது என்பார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்பார்."

பிறகு கரண்டியை எடுத்து, அந்த இலையில் இன்னும் கொஞ்சம் போட்டார்.